இன்றைக்கு மட்டும் கோபமாக இரு

ஒரு வீட்டில் இரண்டு பேர் பேசிக்கொள்ளாவிட்டால், மூன்றாவது ஆளுக்குத்தான் வேலை கூடும். இருங்காட்டுக்கோட்டை வீட்டில் அந்த மூன்றாவது ஆள் ஜெபதாஸ்.

"ரோஸிம்மா, பால் கார்டு எங்கன்னு உன் புருஷன் கேக்குறான்."

"ஃபிரிட்ஜ் மேல கீதுன்னு சொல்லுங்க மாமா."

"டேய், ஃபிரிட்ஜ் மேல கீதாம்."

கேட்டவனும் பதில் சொன்னவளும் ஒரே சமையலறையில்தான் நின்றார்கள். நடுவில் நின்ற பெரியவர்தான் மூச்சு வாங்கினார்.

எல்லாம் திருநின்றவூர் அத்தை வந்து போனதன் விளைவு. நாத்தனார் ஜோவிதாவின் கல்யாணத்துக்கென்று சேர்த்த பணம் அதுவரை ரோஸியின் கணக்கில் இருந்தது. மாமாவின் ஓய்வுப் பணம், புருஷன் ஃபிரடியின் ஓவர்டைம், ரோஸி சீட்டுப் போட்டு எடுத்தது, எல்லாம் சேர்ந்த தொகை. அத்தை சாப்பாட்டு நடுவில் கேட்டாள்: "தங்கச்சி கல்யாணப் பணம் மருமக பேர்ல எதுக்குடா?"

ஃபிரடி ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். அவன் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தான்.

ரோஸி கையைக் கழுவினாள். போனை எடுத்தாள். எல்லார் முன்னாலும் மொத்தத்தையும் அவன் கணக்குக்கு அனுப்பினாள். "உங்க வூட்டுப் பணம் உங்க வூட்டுக்கே வந்துடுச்சு" என்றாள்.

அன்று தொடங்கிய மௌனம் இது. வருகிற ஞாயிறு கோயிலில் ஜோவிதாவின் கல்யாணத்தை அறிவிக்கிற ஓலையை முதல்முறையாக வாசிக்கப்போகிறார்கள். அதற்குள் மண்டபத்துக்கு மீதியைக் கட்ட வேண்டும். அண்ணனும் அண்ணியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிகிறார்கள்.

மௌனம் ஒரு வாரத்தைத் தொட்ட அன்று காலை, கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தபோது ரோஸி இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஃபிரடிக்கு நைட் ஷிஃப்ட். அவள் படியிறங்கிப் போன பிறகுதான் அவன் வந்து படுப்பான். மதியம்வரை அடித்துப் போட்டது மாதிரித் தூங்குவான்.

போன் ஒருமுறை அதிர்ந்தது.

'உங்கள் வருமான வரி ரீஃபண்ட் ரூ. 14,870 அனுமதிக்கப்பட்டுள்ளது. வங்கி விவரம் பொருந்தவில்லை. இன்றே சரிபார்க்கவும்.' கீழே நீல நிறத்தில் ஒரு லிங்க்.

ரோஸியின் மனசு லேசாகத் துள்ளியது. இந்த மாதம் முழுக்க ஒரகடம் பஸ்களில் வணக்கத்துக்குப் பதில் இதுதான்: "ரீஃபண்ட் வந்துச்சா?" ஜெராக்ஸ் கடை வனமாமலை லைன் முழுக்க ஆள் சேர்த்து எல்லாருக்கும் ரிட்டர்ன் போட்டுக் கொடுத்திருந்தான். பக்கத்து லைனில் இரண்டு பேருக்கு வந்தேவிட்டது.

இந்தப் பணத்தில் ஜோவிதாவுக்கு ஒரு பட்டுப் புடவை எடுக்கலாம். தன் சம்பாத்தியத்தில், தன் பேரில். அத்தை அதைத் தொட்டுப் பார்த்து, "யார் எடுத்தது?" என்று கேட்க வேண்டும்.

லிங்க்கைத் தொட்டாள். ஏதோ ஓர் ஆப் இறங்கியது. மெசேஜ்களைப் பார்க்க அனுமதியா, பெயர்ப் பட்டியலைப் பார்க்க அனுமதியா என்று கேட்டது. அதற்குள் பஸ் கேட்டுக்குள் திரும்பிவிட்டது. பின்னால் இருந்தவர்கள் எழுந்து நெருக்கினார்கள். கேட்ட எல்லாவற்றுக்கும் சரி, சரி என்று தட்டினாள். திரையில் 'சரிபார்க்கப்படுகிறது' என்று வந்தது.

அந்த ஃபேக்டரியில் லைனுக்குள் போன் போகாது. கேட்டிலேயே சின்னச் சின்னப் பெட்டிகள். போனை உள்ளே வைத்துப் பூட்டிச் சாவியைக் கழுத்துக் கயிற்றில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். ஷிஃப்ட் முடிந்தால்தான் திறப்பு.

ரோஸி பூட்டினாள். சாவியை மாட்டினாள். சந்தோஷமாகவே உள்ளே போனாள்.

* * *

கார்களுக்கான ஒயர்க் கட்டுகளைப் பலகையில் விரித்துக் கட்டுகிற லைன் அது. பலகைகள் நகர்ந்து வரும். ரோஸி கனெக்டரைச் செருகி, 'கிளிக்' சத்தம் கேட்டு, அடுத்தவளுக்கு விடுவாள். தள்ளுவண்டியில் சாமான் கொண்டுவருகிற மாரிராஜ் சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். ஊரைவிட்டு வந்து இரண்டு வருஷமாகியும் பேச்சு மட்டும் இன்னும் அந்தப் பக்கத்துக்காரன் பேச்சுதான்.

"மாரி, எனக்கு ரீஃபண்ட் வந்துடுச்சு."

"நெசமாவாக்கா? வனமாமலை அண்ணாச்சி சொன்னாரா?"

"அவர் எதுக்கு? எனக்கே மெசேஜ் வந்துச்சு."

மாரிராஜ் கிளிப் டப்பாவை இறக்கி வைத்தவன் அப்படியே நின்றான். "ஒங்க நம்பருக்கா? அதெப்படிக்கா வரும்? ரிட்டர்ன்ல நமக்கெல்லாம் அவரு நம்பரத்தானே போட்டிருக்காரு. ஓடிபி கேட்டு ஒவ்வொருத்தர் பின்னாலயும் ஓட முடியாதுன்னு சொன்னாருல்லா. வாரதெல்லாம் அவருக்குத்தான் வரும்."

ஒரு பலகை ரோஸியைத் தாண்டிப் போனது. அவள் கை அசையவில்லை.

அவன் சொன்னது சரி. ஜெராக்ஸ் கடை வாசலில் அவள் பக்கத்திலேயே நின்று பார்த்தது. வருமான வரி இலாகாவுக்குத் தெரிந்த நம்பர் வனமாமலையுடையது. அவள் நம்பர் அவர்களுக்குத் தெரியவே தெரியாது. அப்படியானால் காலையில் அவளுக்கு மெசேஜ் அனுப்பியது யார்?

"எங்கருந்து வந்துச்சுக்கா? இலாகா பேரு இருந்துச்சா, வெறும் செல் நம்பரா?"

"செல் நம்பர்தான்." இப்போது அது பளிச்சென்று ஞாபகம் வந்தது. ஒன்பதில் தொடங்குகிற சாதாரணப் பத்து எண்.

"லிங்க்க தொட்டியளா?"

அவள் கனெக்டரைக் கீழே வைத்தாள்.

"ஆப் எறங்குச்சா?"

தலையை ஆட்டினாள்.

மாரிராஜ் வண்டிப் பிடியை விட்டுவிட்டான். "எங்க ரூம்ல ஒருத்தனுக்கு இப்பிடித்தான் கல்யாணப் பத்திரிகைன்னு வந்துச்சு. அவன் கணக்குல இருந்தது போச்சு, அது ஒரு பக்கம். அவன் போன்ல இருந்த அத்தன பேருக்கும் அதுவே அவன் பேர்ல மெசேஜ் அனுப்பிட்டு. அவங்கம்மா, மவன்தான் அனுப்பிருக்கான்னு திறந்திட்டாவ."

ரோஸியின் கணக்கில் துடைத்த தட்டு மாதிரி ஒன்றுமில்லை. சம்பளம் வந்த கையோடு தவணைகளுக்குப் போய்விட்டது. ஒரு கணம் அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. பிடித்தவனுக்குப் பட்டினிதான்.

அடுத்த கணம் அந்தச் சிரிப்பு நின்றது.

பணம் ஃபிரடியின் கணக்கில் இருக்கிறது. அவள்தான் அனுப்பினாள். இப்போது அவள் பேரிலிருந்து அவனுக்கு ஒரு மெசேஜ் போகும். இல்லை, இந்நேரம் போயிருக்கும். அவனுக்கும் வனமாமலைதான் ரிட்டர்ன் போட்டான். அவனும் ரீஃபண்டுக்குக் காத்திருக்கிறான்.

ஒரே ஆறுதல், அவன் தூங்குகிறான். மதியம் எழுந்ததும் முதலில் போனைத்தான் தேடுவான்.

* * *

சூப்பர்வைசர் ரஞ்சனி கெட்டவள் இல்லை. ஆனால் அன்று கஸ்டமர் ஆடிட். வெள்ளைச் சட்டைக்காரர்கள் நாலு பேர் லைன் லைனாக நடந்துகொண்டிருந்தார்கள்.

"ரஞ்சனி, கேட் பாஸ் ஒண்ணு குடுடி. போன் எடுத்து ஒரு வார்த்தை பேசிட்டு வந்துடறேன்."

"இன்னைக்கா? போன மாசம் எவனோ புது மாடல் பார்ட்டை போட்டோ எடுத்ததுலருந்து பாஸுக்கு எச்ஆர் கையெழுத்து வேணும். எச்ஆர் எல்லாம் அவங்ககூட ரூம்ல கீறாங்க. நான் கதவைத் தட்டினா நாளைக்கு நான் வூட்ல குந்திக்கினு இருக்க வேண்டியதுதான்."

"ஃபிரடி எழுந்துட்டா எல்லாம் போயிடும் ரஞ்சனி. ஜோவிதா கல்யாணம்."

ரஞ்சனி அவள் முகத்தைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "கேபின்ல இன்டர்காம் கீது, பேசிக்கோ. ஆனா அது வெளிய போகாது. கேட்டோட நிக்கும்."

கேட்டில் கொம்பையா இருந்தார். தென்காசிக்காரர், செக்யூரிட்டி உடுப்பில் எப்போதும் ஒரு பொத்தான் திறந்தே இருக்கும். ரோஸி மூச்சு விடாமல் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"ஒம் வீட்டுக்காரரு நம்பரச் சொல்லு தாயி, என் போன்லருந்து பேசுதேன்."

ரோஸி வாயைத் திறந்தாள். எண் வரவில்லை.

காதலித்த நாளில் பகலும் இரவும் கூப்பிட்ட நம்பர் அது. பேரைத் தொட்டால் போதும், அவன் குரல் வரும். எண்களாக அதை அவள் ஒருநாளும் சொல்லிப் பார்த்ததில்லை. தொண்ணூற்றெட்டா, தொண்ணூற்றாறா? முதல் இரண்டு எண்ணுக்கே கண்ணில் நீர் முட்டியது.

அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது மாமாவின் நம்பர் மட்டும். மாதாமாதம் காஸ் சிலிண்டர்காரனுக்குச் சொல்வது. அதைச் சொன்னாள். "ஃபிரடி போனை எடுத்து வெச்சுக்கச் சொல்லுங்கண்ணே. என் பேர்ல எது வந்தாலும் தொடக் கூடாதுன்னு."

இன்டர்காமைக் காதில் வைத்தபடியே காத்திருந்தாள். கேபின் கண்ணாடிக்கு அப்பால் ரஞ்சனி அவளுடைய பலகைகளையும் சேர்த்துச் செருகிக்கொண்டிருந்தாள்.

கொம்பையா திரும்பி வந்தபோது குரலில் ஒரு மாதிரி இழுப்பு. "தாயி, ஒங்க மாமனாரு என்னைய நல்லா வஞ்சிட்டு வச்சிட்டாரு."

"ஏன்?"

"ஒம் பேரச் சொன்னேன். போனத் தொடாதீங்கன்னேன். 'தெரியாத நம்பர்லருந்து எவன் பேசினாலும், அவ பேரையே சொன்னாலும் கட் பண்ணிடுங்கன்னு என் மருமக சொல்லிக் குடுத்துருக்கா. நீ வேற ஆளப் பாரு'ங்காரு."

ரோஸி சுவரில் சாய்ந்துகொண்டாள். சொல்லிக் கொடுத்தது அவள்தான். போன வருஷம் அவருக்குப் புதுப் போன் வாங்கித் தந்த அன்று, குழந்தைக்குச் சொல்வது மாதிரி மூன்று தரம் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். படித்த பாடத்தை மனிதர் மறக்கவில்லை.

"இன்னொரு தரம் அடிங்கண்ணே."

"அடிச்சேன். எடுக்க மாட்டேங்காரு. நல்லாத்தான் பழக்கியிருக்க தாயி."

* * *

கொம்பையாவிடம் கொடுத்துப் போனை அணைக்கச் சொல்லும்படி, சாவியைக் கழற்றி மாரிராஜின் தள்ளுவண்டியில் கிளிப் டப்பாவுக்கு அடியில் போட்டாள். சாமான் இறக்குகிற இடம் கேட்டை ஒட்டி. அவன் போய்த் திரும்பும்வரை அவள் கைகள் வேலை செய்தன, காது மட்டும் இன்டர்காமில் இருந்தது.

மணி அடித்தது. ரஞ்சனியே எடுத்துக் கொடுத்தாள்.

"அடுப்புல கெடந்த சட்டி கணக்கா சூடாக் கெடந்துது தாயி. அணைச்சுப் போட்டுட்டேன். போன எடுத்துட்டுப் போவக் கூடாதுன்னுதான் ரூல். அணைக்கக் கூடாதுன்னு எவனும் எழுதல."

"ரொம்ப நன்றிண்ணே. யாருக்காவது போயிருக்கான்னு தெரிஞ்சுதா?"

"பூட்டுன போன்ல என்ன தெரியும்? ஆனா அணைக்கப் போற நேரம் மேல பதிலா வந்துட்டே இருந்துது. 'இது என்ன ரோஸி', 'திறக்க மாட்டேங்குது'ன்னு. ஒருத்தரு மட்டும் ஹார்ட் படம் போட்டிருந்தாரு."

"யாருண்ணே அது? பேர் பாத்தீங்களா?"

"நான் கண்ணாடி போடல தாயி."

ஹார்ட் படம் போடுகிறவர்கள் அவள் போனில் பல பேர். ஜோவிதா 'சாப்பிட்டியா' என்று கேட்டாலே ஐந்து போடுவாள். கோயில் பாடகர் குழுப் பெண்கள் எல்லாருமே போடுவார்கள். ஜோவிதாவாக இருக்கும். ஜோவிதாவாகத்தான் இருக்க வேண்டும்.

சுவர்க் கடிகாரத்தை அவள் பார்க்கவில்லை. சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்திருந்தது. அதுவே போதும். இருங்காட்டுக்கோட்டையில் அவன் எழுந்திருப்பான். கண்ணைத் திறக்காமலே கையால் தலையணைக்கடியில் துழாவியிருப்பான்.

பலகை வந்தது. செருகினாள். அடுத்தது வந்தது.

ஒரு வாரமாக அவள் என்னவெல்லாம் வேண்டிக்கொண்டாள். அவன் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசிவிட மாட்டானா என்று. தட்டில் சோறு போடும்போது நிமிர்ந்து ஒரு தரம் பார்த்துவிட மாட்டானா என்று. இப்போது எல்லாவற்றையும் வாபஸ் வாங்கிக்கொண்டாள்.

மாதாவே, அவன் கோபம் ஆறாமல் இருக்கட்டும். என் பேரைப் பார்த்ததும் மூஞ்சியைச் சுளித்துப் போனைக் கவிழ்த்து வைக்கட்டும். எல்லார் முன்னாலும் அவன் மானத்தை வாங்கினேனே, அதை நினைக்கட்டும். நான் சொன்ன 'உங்க வூட்டுப் பணம்' அவன் காதில் இன்னும் குத்திக்கொண்டே இருக்கட்டும். ஃபிரடி, இன்றைக்கு மட்டும் கோபமாக இருடா. நாளைக்கு நானே காலில் விழுகிறேன்.

வேண்டும்போதே அவளுக்குத் தெரியும். கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியாதவன் அவன். கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை தண்டலம் ஸ்டாப்பில் சண்டை போட்டு, இனிமேல் உன் மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்று பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனான். அவள் ஏற வேண்டிய பஸ் வருவதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து திரும்பி வந்துவிட்டான். "பெட்ரோல் கம்மியா இருந்துச்சு" என்று காரணம் வேறு சொன்னான்.

இந்த வாரமும் பேசாமல் இருந்தது அவளுக்காகத்தான். அவள் பேசட்டும் என்று காத்திருந்தான். அவள் ஒரு வார்த்தை முதலில் பேசினால் போதும்.

அந்த ஒரு வார்த்தையை அவளுடைய போன் பேசிவிட்டது.

"ரோஸி, கனெக்டர் தலைகீழா கீது பாரு" என்றாள் ரஞ்சனி பின்னாலிருந்து, மெதுவாக.

* * *

ஷிஃப்ட் முடிந்து கேட்டுக்கு வருகிற கூட்டத்தை இடித்துக்கொண்டு ரோஸி ஓடினாள். பின்னாலேயே மாரிராஜ். பெட்டியைத் திறந்து அணைந்து கிடந்த போனை எடுத்தவள் அதை உயிர்ப்பிக்கவில்லை. "உன் போனைக் குடு மாரி. மாமாவுக்கு அடிக்கிறேன். என் குரலைக் கேட்டா நம்புவார்."

மாரிராஜ் போனை நீட்டவில்லை. சாலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். "எக்கா, அது அண்ணன்தானே?"

கம்பெனி பஸ்களுக்கு அந்தப் பக்கம், வெயிலில், பைக்கில் சாய்ந்து ஃபிரடி நின்றிருந்தான். குளித்துத் தலை சீவியிருந்தான். அவளுக்குப் பிடித்த நீலச் சட்டை. ஹேண்டில்பாரில் எண்ணெய் ஊறிய பஜ்ஜிப் பொட்டலம் தொங்கியது. அவளைப் பார்த்ததும் சிரித்தான். ஒரு வாரத்துச் சிரிப்பு.

"இன்னா ரோஸி, போனை ஆஃப் பண்ணிட்ட? எத்தனை தரம் அடிக்கிறது? பயந்துட்டேன். அதான் நேர்லயே வந்துட்டேன்."

"என் மெசேஜ் வந்துச்சா?"

"வந்துச்சு."

"தொறந்தியா?"

அவன் கழுத்தைத் தடவிக்கொண்டான். "மொதல்ல தொறக்கல. எல்லார் முன்னாலயும் அப்படிப் பேசிட்டு இப்ப மெசேஜ் வேறயான்னு முறைச்சுக்கினுதான் இருந்தேன். அப்புறம் யோசிச்சேன். இவ்வளோ கோவத்துலயும் எனக்கு ரீஃபண்ட் வரணும்னு நினைச்சிருக்க பாரு. நீ மொதல்ல பேசினப்புறம் நான் இன்னா பெரிய இவனா? ஹார்ட் போட்டேன், பாத்தியா?"

"ஃபிரடி, தொறந்தியா?"

"தொறந்தேன். ஆப் கேட்டதெல்லாம் போட்டேன். பேங்க் நம்பர், கார்டு, எல்லாம்." அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு மெல்லக் கரைந்தது. "நீ அனுப்பினா நான் எதுக்குடி யோசிக்கணும்?"

ரோஸி அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தாள். டேட்டாவை நிறுத்தினாள். ஃப்ளைட் மோடில் போட்டாள். விரல்கள் தானாக வேலை செய்தன, பலகையில் செருகுவது மாதிரி.

"நான் அனுப்பலை" என்றாள்.

பஸ்கள் ஹாரன் அடித்துக் கிளம்பிக்கொண்டிருந்தன. காலையிலிருந்து நடந்ததை அந்த இரைச்சலில் நான்கைந்து வாக்கியத்தில் சொன்னாள். அவன் கேட்டான். ஒரு தரம் பைக் சீட்டை இறுகப் பிடித்தான், அவ்வளவுதான்.

"பேங்க்லருந்து பணம் போனதா மெசேஜ் எதுவும் வரலியே" என்றான் கடைசியில், நம்பிக்கையோடு.

மாரிராஜ் தயங்கினான். "வந்தா அதையும் அது மறைச்சிரும்ணே. எங்க ரூம்காரனுக்கும் வரல. சைபர் போலீஸ் நம்பர் பத்தொம்பது முப்பதுக்கு அடிங்க. உடனே சொன்னா போற வழியிலயே பணத்த நிறுத்தி வைக்க முடியும்னு சொல்லுதாவ. பொறவு பேங்குக்கு."

தன் போனிலேயே எண்ணை அழுத்தி ரோஸியிடம் கொடுத்தான். ஒலித்தது. இசை வந்தது. காத்திருக்கவும் என்றது. ஃபிரடி நெருங்கி வந்து காதை அவள் காதுப் பக்கம் வைத்துக்கொண்டான். ஒரு வாரத்துக்குப் பிறகு அவன் மூச்சு அவள் கன்னத்தில் பட்டது.

"சைபர் கிரைம் உதவி எண். சொல்லுங்கம்மா."

சொன்னாள். அந்தப் பெண் குரல் அவசரப்படவில்லை. ஃபிரடியின் பேர், வங்கி, கணக்கு எண் என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. அவன் சொல்லச் சொல்ல ரோஸி திருப்பிச் சொன்னாள்.

"பணம் எவ்வளவு போயிருக்குன்னு தெரியுமா?"

"தெரியலை மேடம். பாக்கப் பயமா இருக்கு."

"சரி. அந்த மெசேஜ் எந்த நம்பர்லருந்து வந்துச்சு? அனுப்பினது யாருன்னு உங்க கணவருக்குத் தெரியுமா?"

ரோஸி நிமிர்ந்து பார்த்தாள். ஃபிரடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் இருந்தது கோபமா என்று அவளால் படிக்க முடியவில்லை. மதியம் முழுக்க அவள் வேண்டிக்கொண்டது அதைத்தான்.

"தெரியும் மேடம்" என்றாள். "எழுதிக்கோங்க. பேர், ரோஸி."